கல்லாகிப்போன குத்துப்பை: கையைப் பழக்குவதா, பையை இளக்குவதா?

கனடாவுக்கு வந்து குடியேறிய எமது குடும்பங்களில் பிள்ளைகள் படிக்கப் போகும் வகுப்புகளின் பட்டியல் நீண்டது. தமிழ் வகுப்பு, பரதம், மிருதங்கம் என்பவற்றோடு இன்று கராட்டி, ரைக்குவண்டோ, குத்துச்சண்டை என்பனவும் சேர்ந்துவிட்டன. இது நல்ல விடயம். குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளே முடங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு உடற்பயிற்சி கிடைக்கிறது. புதிய நாட்டில் நாலு நண்பர்களும் கிடைக்கிறார்கள்.

வகுப்பில் சேர்ந்து சில மாதங்கள் போனதும் பிள்ளை ஒரு குத்துப்பை கேட்கும். 'பஞ்சிங் பாக்' என்று கடையிலே சொல்லப்படும் இந்தப் பையைப் புதிதாக வாங்குவது கையைக் கடிக்கும் செலவு. ஆகவே கராஜ் சேலில் மலிவாக ஒன்றை வாங்குவோம்; அல்லது வீடு மாறுகின்ற ஒருவர் தமது பழைய பையைத் தந்துவிட்டுப் போவார். அதனை நிலவறையில் கொழுவியதும் பிள்ளை ஆசையோடு குத்தும். இரண்டு நாளில், "அப்பா, கை நோகுது" என்று வந்து நிற்கும்.

"பழகப் பழகச் சரிவரும்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். சரிவராது. பை கல்லாக இறுகியிருந்தால் பழகப் பழகக் கைதான் பழுதாகும். ஊரிலே உரப்பையில் மணலை நிரப்பி மரக்கொம்பில் கட்டிக் குத்தியவர்கள் எம்மில் சிலர் உண்டு. "நாங்கள் மணலிலேயே குத்தினோம், இது என்ன?" என்ற எண்ணம் அதனால் வருகிறது. ஆனால் இளக்க வேண்டியது பையை. பிள்ளையின் கையை அல்ல. ஒரு சனிக்கிழமைப் பொழுதும் வீட்டிலுள்ள பழைய உடுப்புகளும் இருந்தால், பெரிய செலவில்லாமல் நாமே இதனைச் செய்துகொள்ளலாம்.

பை ஏன் இறுகுகிறது?

கடையில் விற்கும் பெரும்பாலான குத்துப்பைகளின் உள்ளே இருப்பது துண்டு துண்டாக வெட்டிய கழிவுத் துணி. சிலவற்றில் எடை கூட்டுவதற்காக நடுவிலே மணற்பொதிகளையும் வைப்பார்கள். வேறு சில மரத்தூளால் நிரப்பப்பட்டவை. தரமான பைகளில் தோலுக்கும் துணிக்கும் இடையே சுற்றிவர ஒரு ஸ்பொஞ்ச் தகடு இருக்கும்.

பை தொங்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருப்பவை சிறிது சிறிதாகக் கீழே இறங்குகின்றன. ஒவ்வொரு குத்தும் அவற்றை மேலும் நெரித்து இறுக்குகிறது. சில வருடங்களில் பையின் மேற்பகுதி வெறுமையாகித் தொய்ந்துவிடும். கீழ்ப்பகுதி சீமெந்துத் தூண் போலாகிவிடும். மணற்பொதி கிழிந்திருந்தால் மணல் எல்லாம் அடியிலே சேர்ந்து கிடக்கும். மரத்தூள் ஈரத்தை உறிஞ்சிக் கட்டிபட்டுவிடும்.

எமது வீடுகளில் இலவம்பஞ்சுத் தலையணைக்கு நடந்ததும் இதுதான். சில வருடங்கள் போனதும் பஞ்சு கட்டிகட்டியாகித் தலையை உறுத்தும். அம்மா அதனைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயப்போட்டு, கையால் பிய்த்து உதிர்த்து, மறுபடியும் அடைத்துத் தைப்பார். குத்துப்பைக்கும் அதே வைத்தியம்தான்.

குளிரையும் மறக்கக் கூடாது. வெப்பமூட்டாத கராஜில் பூச்சியத்துக்குக் கீழே பல பாகையில் தொங்கும் பையின் வெளித்தோல், அது வைனில் என்னும் பிளாஸ்ரிக் வகையானால், விறைத்துப்போகும். சில வேளை வெடிக்கும். உள்ளே ஈரமிருந்தால் அதுவும் உறைந்து கட்டியாகும். அப்படிப்பட்ட பையை வீட்டுக்குள்ளே கொண்டுவந்து ஒரு நாள் முழுவதும் வைத்த பின்னரே அது உண்மையில் இறுகிப்போன பையா என்று முடிவுசெய்யுங்கள்.

இறுகிய பையில் குத்தினால் கை பலமாகுமா?

மாமரத்திலிருந்து மணலில் குதித்தால் கால் தாங்கும்; அதே உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் குதித்தால் முழங்கால்வரை விறுவிறுக்கும். மணல் சற்று உள்வாங்குவதால் உடம்பு ஆறுதலாக நிற்கிறது. சீமெந்தில் சட்டென நிற்கிறது. குத்துகின்ற கைக்கும் இதே கணக்குத்தான். கை நிற்பதற்குப் பை கொடுக்கும் தூரம் பாதியாகக் குறைந்தால், கையில் திரும்பி விழும் சராசரி விசை இரண்டு மடங்காகும். அது விரல் மொளி, மணிக்கட்டு, முழங்கை, தோள்மூட்டு என்று மேலே ஏறும்.

இதனால் மணிக்கட்டுச் சுளுக்கும் மொளி வீக்கமும் அடிக்கடி வரும். சின்ன விரலுக்குக் கீழே உள்ளங்கையில் இருக்கும் எலும்பின் கழுத்துப்பகுதி முறிவதற்கு ஆங்கிலத்தில் 'குத்துச்சண்டைக்காரர் முறிவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் சரியாகக் குத்தத் தெரியாதவர்களுக்கே அது வருகிறது.

பிள்ளைகளின் விடயத்தில் இன்னும் அவதானம் வேண்டும். வளரும் வயதில் எலும்புகளின் நுனியை அண்டி மென்மையான வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. எலும்பு நீள்வது அவற்றிலேதான். பதின்ம வயதின் பிற்பகுதியிலேயே அவை மூடி எலும்பாக உறைகின்றன. அதுவரை முழு எலும்பைவிட அவையே பலவீனமான இடம்.

கையை உரமாக்குவதற்கென்றே பயிற்சி செய்கின்ற ஒக்கினாவாத் தீவின் கராட்டிக்காரர்களைப் பாருங்கள். அவர்கள் குத்துவது 'மக்கிவாரா' என்னும் கம்பத்தில். அதன் தலைப்பில் வைக்கோற் கயிறு சுற்றப்பட்டிருக்கும். அடித்தால் வளைந்து கொடுக்கும்படி கம்பம் மேலே போகப் போக மெல்லியதாகச் செதுக்கப்பட்டிருக்கும். அவர்கள்கூட வளையாத சுவரில் குத்தவில்லை.

முதலில் சோதியுங்கள்

பையைக் கழற்ற முன்னர், உள்ளங்கையின் அடிப்பகுதியால் மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களிலும் சுற்றிவர அழுத்திப் பாருங்கள். நல்ல பை எங்கும் ஒரேயளவாக உள்வாங்கும். மேலே தொய்ந்து கீழே இறுகியிருந்தால் உள்ளடக்கம் இறங்கியிருக்கிறது. ஓரிடத்தில் மாத்திரம் கல்லுப்போல் தட்டுப்பட்டால் மணற்பொதி வெளிப்பக்கம் வந்திருக்கலாம். பை முழுவதும் ஒரே இறுக்கமென்றால் அளவுக்கு மிஞ்சி அடைத்திருக்கிறார்கள்.

பின்னர் மேல்வாயைப் பாருங்கள். சிப் அல்லது கயிறு போட்டிருந்தால் திறக்கலாம். தைத்து மூடியிருந்தால் அதற்கு வேறு வழி உண்டு. அதனைப் பின்னர் சொல்கிறோம்.

பையைக் கழற்றும்போது இரண்டு பெரியவர்கள் வேண்டும். கடைகளில் சாதாரணமாக விற்கும் பைகள் 70 இறாத்தல் முதல் 100 இறாத்தல்வரை, அதாவது ஏறத்தாழ 32 முதல் 45 கிலோவரை எடையுள்ளவை. ஒருவர் பையைக் கட்டிப்பிடித்துத் தூக்க, மற்றவர் சங்கிலியைக் கழற்றட்டும். நாரி பிடித்துக்கொண்டால் திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாது.

திறக்காமலே இளக்கும் முறை

கொஞ்சமாக இறுகிய பைக்கு இது போதும். பையைத் தரையில் படுக்கவைத்து, பாரத்தைக் கொடுத்து முன்னும் பின்னும் உருட்டுங்கள். பிறகு உருளைக்கட்டை அல்லது பேஸ்போல் மட்டை போன்ற ஓரமில்லாத மழுங்கிய கட்டையால், இறுகிய இடத்திலிருந்து மேல்வாயை நோக்கித் தட்டிக்கொண்டு வாருங்கள். கால்வாசி திருப்பி மறுபடியும் தட்டுங்கள். நாலு பக்கமும் முடிந்ததும், இரண்டு பேராகப் பையைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் மெதுவாகக் குத்திக் குத்தி வையுங்கள். பின்னர் சுவரோடு சாய்த்து, சரியாமல் கட்டி, ஓரிரவு அப்படியே விடுங்கள். கீழே இறங்கியவற்றில் ஒரு பகுதி திரும்பிப் போகும்.

ஒன்றைக் கவனியுங்கள். சில பைகளின் அடியிலே ஒரு வளையம் இருக்கும். பை ஆடாமல் தரையோடு இழுத்துக் கட்டுவதற்கே அது உள்ளது. முழுப் பாரத்தையும் தாங்குவதற்கு அல்ல. தலைகீழாகக் கொழுவலாம் என்று எண்ணி அதிலே தொங்கவிட வேண்டாம்.

திறந்து நிரப்பும் முறை

நன்றாக இறுகிய பையைத் திறந்தேயாக வேண்டும். பழைய படுக்கை விரிப்பை விரித்து, வாய்க்கும் மூக்குக்கும் முகக்கவசம் போட்டு, கைக்குத் தடித்த கையுறை போட்டுக்கொண்டு தொடங்குங்கள். பழைய துணித் தூசி நெஞ்சுக்கு ஆகாது. இழுப்பு உள்ள பிள்ளையை அந்த நேரம் மேல்மாடிக்கு அனுப்பிவிடுங்கள். துணிக்குள்ளே ஊசி, தெறி, சிப் துண்டு என்பன இருக்கக்கூடும் என்பதால் வெறுங்கையால் துழாவ வேண்டாம்.

உள்ளே இருப்பவற்றை வெளியே எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். நல்ல துணி ஒரு பக்கம். ஈரமானது, பூஞ்சணம் பிடித்தது குப்பைக்கு. மணலும் மரத்தூளும் இன்னொரு பக்கம். நல்ல துணிக் கட்டிகளைப் பிள்ளைகளையும் இருத்திக் கையால் பிய்த்து உதிர்க்கச் சொல்லுங்கள். ஈரச் சாயல் இருந்தால் காயவிடுங்கள். இந்த உதிர்ப்பிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

மணலையும் மரத்தூளையும் எடுத்த இடத்துக்குப் பழைய உடுப்புகளைப் பாவியுங்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அளவில்லாமற்போன ஸ்வெற்றர், பழைய துவாய், படுக்கை விரிப்பு, கம்பளி எல்லாம் உதவும். தெறி, சிப், கொழுக்கி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, உள்ளங்கை அகலத் துண்டுகளாக வெட்டுங்கள். பெரிய துணியைச் சுருட்டி அப்படியே திணித்தால் அதுவே நாளை ஒரு கட்டியாகும்.

முடியுமானால் பையின் உட்சுவரோடு ஒரு ஸ்பொஞ்ச் தகட்டைச் சுற்றிவர வையுங்கள். ஓர் அங்குலத் தடிப்புப் போதும். பழைய யோகாப் பாயை இரண்டு மடிப்பாகச் சுற்றியும் வைக்கலாம். கை படுகின்ற முதல் அங்குலம் மெதுவாக இருப்பதுதான் பெரிய வித்தியாசம்.

இனி நிரப்புவது. குழற்புட்டு அவித்தவர்களுக்கு இதனைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மாவை இறுக்கி அடைத்தால் ஆவி ஏறாது, புட்டும் கல்லாகும். பையும் அப்படித்தான். அரை அடி உயரத்துக்குத் துணியைப் போட்டு, முதலில் ஓரங்களையும் பின்னர் நடுவையும் உள்ளங்கையால் சமமாக அழுத்துங்கள். பிறகு அடுத்த அடுக்கு. காலால் மிதிக்க வேண்டாம். கட்டையால் இடிக்கவும் வேண்டாம். அடியில் சற்றுத் தளர்வாகவும், மேலே போகப் போகச் சற்று இறுக்கமாகவும் வையுங்கள். தொங்கவிட்ட பிறகு உள்ளடக்கம் தானாகவே கீழிறங்கி இரண்டையும் சமப்படுத்தும்.

மணல் எடுத்ததால் பையின் எடை குறையும். அதற்குக் கவலைப்பட வேண்டாம். குத்துபவரின் எடையில் பாதியளவு இருந்தால் போதும் என்பது தொடங்குபவர்களுக்குச் சொல்லப்படும் பொதுவான கணக்கு. 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 20 கிலோப் பை போதும். பெரியவர்களுக்கு எடை தேவையென்றால், மணலை இரண்டு மூன்று கிலோச் சிறு பொதிகளாக, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தடித்த பிளாஸ்ரிக் பைகளில் கட்டி, ரேப் சுற்றி, பையின் சரி நடுவில் வையுங்கள். சுற்றிவர எல்லாப் பக்கமும் துணி இருக்க வேண்டும். எல்லாப் பொதிகளையும் அடியில் அடுக்கக் கூடாது.

தைத்து மூடிய பை என்றால்

தையலை வெட்டித் திறந்தால் பாரம் தாங்கும்படி மறுபடி தைப்பது வீட்டுத் தையல் மெஷினால் முடியாத காரியம். இதற்கு வெளியிலிருந்து வைத்தியம் செய்யலாம். பழைய யோகாப் பாய் அல்லது கூடாரத்துக்குள் விரிக்கும் ஸ்பொஞ்ச் பாயைப் பையின் குத்துப்படும் பகுதியில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலும் நடுவும் கீழுமாக அகலமான பட்டியால் இறுக்கிக் கட்டுங்கள். கொக்கி, வளையம் எதுவும் குத்துகின்ற பக்கத்தில் வரக் கூடாது. பார்வைக்கு வடிவாக இராது. ஆனால் கை தப்பும்.

செய்யக் கூடாதவை

பத்திரிகைத் தாளால் நிரப்ப வேண்டாம். அது நெரிந்து பலகைபோல் ஆகும். அரிசி, பருப்பு, தானியம் எதுவும் வேண்டாம். எலியும் பூச்சியும் வரும். பையை இளக்கவென்று தண்ணீர் ஊற்றவோ எண்ணெய் பூசவோ வேண்டாம். இறுக்கம் உள்ளே இருக்கிறது. வெளித்தோலில் எதனைப் பூசினாலும் பயனில்லை. கிழிந்த இடத்தைத் தற்காலிகமாக ரேப்பால் ஒட்டினாலும் அந்த இடத்தில் குத்த விடாதீர்கள். ரேப்பின் ஓரம் தோலை உரிக்கும்.

மீண்டும் கொழுவும்போது

ஆடுகின்ற பை தன் எடையைவிட அதிகமான பாரத்தைக் கூரைக்குக் கொடுக்கும். நிலவறைக் கூரையின் மரவளையிலே உரிய கொக்கியைப் பூட்ட வேண்டும். வெறும் ட்ரைவோல் தகட்டில் பூட்டினால் தகட்டோடு சேர்ந்து பை தலையில் விழும். வாடகை வீடென்றால் துளை போட முன்னர் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். சங்கிலிக்கும் கொக்கிக்கும் இடையில் ஒரு கனமான சுருள்வில்லைப் போட்டால் அதிர்வும் சத்தமும் குறையும்.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்குத் தரையில் நிற்கும் பையே நல்லது. அதன் அடித்தொட்டியில் மணல் அல்லது தண்ணீர் நிரப்புவார்கள். அதற்குக் கீழே தடித்த பாய் விரியுங்கள். கீழ்வீட்டுக்காரருக்கு உங்கள் பிள்ளையின் பயிற்சி இடி முழக்கமாகத்தான் கேட்கும். இரவு வேலை முடிந்து பகலில் உறங்குபவர்கள் எமக்குள்ளேயே எத்தனைபேர் இருக்கிறார்கள்!

மாதம் ஒரு தடவை பையைக் கால்வாசி திருப்பிவிடுங்கள். ஒரே பக்கத்தில் குத்து விழுவது குறையும். மேலே தொய்வு தெரிந்தால் இரண்டு பழைய சேட்டை வெட்டிப் போடுங்கள். இவ்வளவும் செய்து வந்தால் அடுத்த முறை முழுவதும் பிரிக்க வேண்டிய காலம் தள்ளிப்போகும்.

கைக்குச் செய்ய வேண்டியது

மெதுவான பையிலும் வெறுங்கையால் குத்தக் கூடாது. இங்கிலாந்தில் 1743ஆம் ஆண்டில் குத்துச்சண்டைக்கு முதன்முதலில் விதிகள் வகுத்த ஜக் புரோட்டன், தம்மிடம் பயில வந்தவர்களுக்குப் பஞ்சு வைத்த கையுறைகளைக் கொடுத்தார். 1867இல் வெளியான குயின்ஸ்பெரி விதிகள் போட்டிகளிலும் கையுறையை வேண்டின. இவ்வளவு பழைய பாடத்தை எமது நிலவறைகளில் நாம் மறந்துவிடக் கூடாது.

முதலில் கைச்சுற்றுத் துணி. பெரியவர்களுக்கு 180 அங்குலம், அதாவது ஏறத்தாழ நாலரை மீற்றர் நீளமானது. பிள்ளைகளுக்குக் குட்டையானது கிடைக்கும். அது மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கும். சுற்றும் முறையை வகுப்பு ஆசிரியரிடம் நேரில் கேட்டுப் பழகுங்கள். அதற்கு மேலே கையுறை. பெரியவர்கள் பையில் பயிற்சி செய்ய 12 முதல் 16 அவுன்ஸ்வரை பாவிப்பார்கள். குத்தும்போது மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். சுட்டுவிரல், நடுவிரல் மொளிகளே முதலில் பட வேண்டும்.

புதிதாக இளக்கிய பையிலும் முதல் வாரம் பாதிப் பலத்தோடுதான் குத்த வேண்டும். நோ வந்தால் நிறுத்துங்கள். வீக்கம் வற்றாவிட்டால், ஒரு மொளி மற்றவற்றைவிடப் பதிந்து தெரிந்தால், அல்லது விரலை மடிக்கும்போது அது பக்கத்து விரலின்மேல் ஏறினால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காமல் உடனே வைத்தியரிடம் காட்டி எக்ஸ்றே எடுங்கள்.

கோபம் தீர்க்கும் இடமல்ல

இன்னொன்றையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். "கோபம் வந்தால் போய்ப் பையில் குத்து" என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்வதுண்டு. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறானது. தம்மைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு பையில் குத்தியவர்களின் கோபம், ஒன்றும் செய்யாமல் அமைதியாக இருந்தவர்களுடையதைவிடக் கூடுதலாக இருந்தது. கோபத்தில் குத்துபவர் மணிக்கட்டையும் பார்ப்பதில்லை, கையுறையையும் தேடுவதில்லை. கை முறிவதும் அப்போதுதான். மனதில் பெரும் பாரத்தோடு இந்த நாட்டுக்கு வந்த பிள்ளைகள் எமது வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பையைவிட, பக்கத்தில் இருந்து கதை கேட்கும் ஒருவரே முதலில் தேவை.

எமது சமூகத்தில் பெரும்பாலானோர் கைகளை நம்பியே இங்கே வாழத் தொடங்கினோம். தொழிற்சாலையிலும் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் உழைத்த கைகள் அவை. எழுதவும், மிருதங்கம் வாசிக்கவும், நாளை ஒரு தொழிலைச் செய்யவும் வேண்டிய கைகள் எமது பிள்ளைகளுடையவை. அவற்றைக் கல்லில் மோதவிட்டுத்தான் வீரத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றில்லை. வீட்டில் ஒரு பழைய குத்துப்பை தொங்குகிறதென்றால், இன்றிரவே உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.